கட்டுச்சோறும் கனவுக்கோட்டையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தழுவல் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு நூல்கள்தாம் நினைவுக்கு வரும். வடமொழிக் காவியம் தமிழுக்கு வந்த விதம், ஆங்கில நாடகம் எங்கள் மேடையேறிய விதம் என்று பேசத் தொடங்கிவிடுவோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஒரு நாட்டிற் பிறந்த கேளிக்கைப் பூங்கா கடல் கடந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது, அந்த மண்ணின் பண்பாட்டுக்கு ஏற்ப அது எவ்வாறு மாறுகிறது, எங்கே மாற மறுக்கிறது, எங்கே மாறியதாகப் பாவனை செய்கிறது என்பதைப் பற்றியே பேசப்போகிறேன். 'இலக்கியத் தொடரில் இராட்டினத்துக்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், நான் சொல்லப்போகும் பூங்காக்கள் விற்பது இராட்டினச் சவாரியை மட்டுமன்று. அவை விற்பது கதையை. கதை எங்கே இடம்பெயர்கிறதோ அங்கே இலக்கிய மாணவனுக்கும் வேலை உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே அனஹைம் என்ற ஊரில் 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆந் திகதி வோல்ட் டிஸ்னியின் பூங்கா திறக்கப்பட்டது. அதன் நடுவே நிற்பது உறங்கும் அழகியின் கோட்டை. அந்தக் கதையைப் பிரான்ஸ் நாட்டுச் சார்ல்ஸ் பெரோ 1697இல் தமது தொகுதியிலே சேர்த்து வெளியிட்டார். பின்னர் ஜேர்மனியின் கிரிம் சகோதரர்கள் அதனை வேறொரு வடிவில் தந்தனர். கோட்டையின் தோற்றத்துக்கோ பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக் எழுப்பிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை முன்மாதிரியாயிற்று. குடும்பத்தோடு சென்று களிக்கத்தக்க ஒரு பூங்கா என்ற எண்ணத்துக்கு, கொப்பன்ஹேகன் நகரில் 1843 முதல் இயங்கிவரும் டிவோலி பூங்கா தூண்டுகோல்களில் ஒன்று. டிஸ்னி 1951இல் அதனை நேரிற் கண்டிருந்தார். வாசலைத் தாண்டியதும் வருகின்ற அமெரிக்கக் கடைவீதி மட்டும், அவர் சிறுவயதிற் சில ஆண்டுகள் வாழ்ந்த மிசூரி மாநிலத்து மார்சலின் என்ற சிற்றூரின் நினைவு.

ஆக, மூலம் என்று நாம் கருதுகின்ற அந்தப் பூங்காவே ஒரு வழிநூல் போன்றது. ஐரோப்பாவின் கதைகளையும் கட்டடங்களையும் அமெரிக்கக் குடும்பத்தின் விடுமுறை நாளுக்கு ஏற்றபடி தழுவி அமைத்தது. இதனை முதலில் மனத்திற் கொண்டால், பின்னே நான் சொல்லப்போகும் சண்டைகள் விளங்கும்.

வழிநூல் என்றேன். தொல்காப்பிய மரபியல் வழிநூலை நான்கு வகைப்படுத்துகிறது. தொகுத்தல், விரித்தல், தொகுத்தும் விரித்தும் கூறல் என்பவற்றோடு மொழிபெயர்த்தலையும் அது சேர்த்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பை இரவல் என்று எங்கள் இலக்கணம் ஒதுக்கிவைக்கவில்லை; நூல் செய்யும் முறைகளுள் ஒன்றாகவே ஏற்றிருக்கிறது. கம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனிலோ அவன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். ஏன் இந்த மாற்றம்? பிறன் கை பட்ட நிலையில் பிராட்டியைக் காணக் கம்பனது தமிழ் உள்ளம் இசையவில்லை. கதை ஓட்டம் அப்படியே இருக்கிறது. கேட்பவர் நெஞ்சு தாங்காத இடம் மட்டும் மாறியிருக்கிறது. எங்கள் ஈழத்து விபுலாநந்த அடிகள் 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியிலே ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று அழைத்தார். அந்நியப் பெயரொன்று தமிழ் நாவுக்கு ஏற்ற உருவத்தையும் பொருளையும் ஒருங்கே பெற்றது. இந்த இரண்டு உதாரணங்களையும் கையில் வைத்துக்கொண்டு, நேயர்களே, முதலில் ஜப்பானுக்குப் போவோம்.

டோக்கியோ டிஸ்னிலான்ட் 1983ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி திறக்கப்பட்டது. டோக்கியோ விரிகுடாவிலே கடலை நிரவிப் பெற்ற நிலத்தில், உரயாசு என்ற ஊரில் அது அமைந்திருக்கிறது. அதன் உடைமையாளர் டிஸ்னி நிறுவனம் அல்லர். ஒரியன்டல் லான்ட் என்ற ஜப்பானிய நிறுவனமே கட்டி நடத்துகிறது. டிஸ்னிக்கு உரிமத் தொகை போகிறது. இங்கேதான் ஒரு வியப்பு. உடைமையாளர் ஜப்பானியராயிருந்தும், பூங்காவை ஜப்பானிய மயமாக்க அவர்கள் விரும்பவில்லை. அமெரிக்காவுக்குப் போய்வந்த அனுபவம் தங்கள் மக்களுக்கு வேண்டும், ஜப்பான்தான் வெளியே இருக்கிறதே என்பது அவர்களது வாதம். அந்நியமானதை அந்நியமாகவே வைத்திருக்கும்படி கேட்டவர்கள் உள்ளூரார்! முதலாண்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அங்கு வந்தனர்.

ஆனாலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. நான் சொல்லவந்த விடயத்தின் உயிர்நிலை இந்த மாற்றங்களில் இருக்கிறது. கலிபோர்னியாவில் வானம் பார்க்கத் திறந்து கிடந்த கடைவீதிக்கு, மழை அதிகமான டோக்கியோவிலே கண்ணாடிக் கூரை வந்தது. வீதியின் பெயரும் உலகச் சந்தை என்ற பொருள்பட மாறிற்று. பயணம் போனவர் வீட்டாருக்கும் அயலாருக்கும் அலுவலகத்தாருக்கும் ஏதாவது வாங்கிவரவேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம், 'ஒமியாகே' என்பார்கள். அந்த வழக்கத்துக்கு இடங்கொடுக்கும்படி கடைகள் பெருகின. வீட்டிலே பக்குவமாகச் செய்து அடுக்கிக் கொண்டுவரும் 'பென்டோ' என்ற கட்டுச்சோறு இருக்கிறதே, அதனைப் பூங்காவுக்குள்ளே கொண்டுபோக விதி இடந்தரவில்லை. ஆயின், குடும்பமாக வந்து சாப்பிடுவதற்கென்று வாசலுக்கு வெளியே ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். விதியும் நின்றது, தாயின் கைச்சோற்றுக்கும் ஓர் இடம் கிடைத்தது. புத்தாண்டு பிறந்தால் மிக்கி மவுஸ் கிமோனோ அணிந்து வருகிறது. இவையெல்லாம் சிறிய விடயங்கள்தாம். இச்சிறிய விடயங்களைத்தான் மக்கள் தங்களுடையவை என்று உணர்கிறார்கள்.

இவற்றுக்கு மாறாக, வேண்டுமென்றே ஜப்பானியப் பண்பாட்டைக் காட்டுவதற்கென அமைத்த காட்சியும் ஒன்று இருந்தது. 'மீற் த வேர்ள்ட்' என்பது அதன் பெயர். ஒரு கொக்கு இரண்டு சிறுவர்களுக்கு ஜப்பானின் வரலாற்றைச் சொல்வதாக அது அமைந்திருந்தது. பூங்கா திறந்த நாளிலிருந்தே இருந்த அந்த அரங்கு 2002இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2009இல் வந்தது, ஓர் அமெரிக்கக் கார்ட்டூன் படத்தின் பூதங்களைத் தேடும் சவாரி. கொக்கு போய்விட்டது. கட்டுச்சோறு உண்ணும் இடம் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள், நேயர்களே. மீண்டும் இதற்கு வருவேன்.

இனி பிரான்ஸ். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி, பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்தில், பீற்கிழங்கு விளைந்த வயல்களிலே யூரோ டிஸ்னி எழுந்தது. எழுமுன்னரே எதிர்ப்பும் எழுந்தது. நாடக நெறியாளர் ஆரியான் முனூஷ்கின், செர்னோபில் அணு விபத்தோடு ஒப்பிட்டு, இது பண்பாட்டுத் துறையின் செர்னோபில் என்றார். அந்தச் சொல் உலகமெங்கும் பரவிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் விவசாயிகள் உழவு இயந்திரங்களைக் கொண்டுவந்து பூங்காவுக்குப் போகும் வழிகளை மறித்தார்கள். அவர்களது சீற்றம் அமெரிக்காவின் விவசாயக் கொள்கை மீது. அதைக் காட்டுவதற்கு மிக்கி மவுஸின் வாசல் வசதியாக இருந்தது.

அறிஞரின் கோபமும் உழவரின் கோபமும் ஒருபுறம் இருக்க, பூங்காவை உண்மையில் வருத்தியவை வேறு. பூங்காவினுள்ளே மதுவுக்குத் தடை. பிரெஞ்சுக்காரர் மதிய உணவோடு ஒரு கிண்ணம் வைன் அருந்துவதைக் குடி என்று எண்ணுவதில்லை. அது அவர்களுக்கு எங்கள் வீட்டு மோர் மாதிரி. ஐரோப்பியர் காலையிலே பெரிதாகச் சாப்பிடமாட்டார்கள் என்று கணித்துச் சிறிய காலை உணவுச் சாலைகளை அமைத்தார்கள். விருந்தினரோ முழுமையான காலை உணவு கேட்டு நீண்ட வரிசையில் நின்றனர். அமெரிக்கர் நடந்துகொண்டே எந்நேரமும் எதையாவது கொறிப்பர். பிரெஞ்சுக்காரருக்கோ பன்னிரண்டரை மணியளவில் எல்லோரும் ஒன்றாக மேசையில் அமரவேண்டும். உணவகங்கள் அந்த ஒரு மணி நேரத்திலே திணறின. ஊழியர் தாடி, மீசை வைத்தலாகாது என்ற விதியைத் தொழிற்சங்கங்கள் தனிமனித உரிமையின் பேரால் எதிர்த்தன. 1993 நிதியாண்டில் நட்டம் 500 கோடி பிராங்குக்கு மேல். கடன்சுமையும் ஐரோப்பாவின் பொருளாதாரத் தளர்ச்சியும் இதற்குப் பெருங் காரணங்கள் என்பதை மறைத்துவிடலாகாது. ஆனால், 1993இல் பூங்காவினுள் வைனுக்கு அனுமதி கிடைத்தது. 1994இல் பெயர் டிஸ்னிலான்ட் பாரிஸ் என்றாயிற்று. 1995இல் முதன்முறையாக இலாபம் வந்தது. வைன் கிண்ணம் மாத்திரம் பூங்காவைக் காப்பாற்றிற்று என்று நான் சொல்லவில்லை. வந்தவன் எப்போது, எதனோடு, எப்படி உட்கார்ந்து சாப்பிடுவான் என்று கேளாதவர்கள், அதனைக் கேட்கத் தொடங்கினார்கள் என்பதே முக்கியம்.

பாரிஸின் கோட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களவர் பலரின் வீட்டு அலுமாரிகளிலே அந்தக் கோட்டை இருக்கிறது. பாரிஸிலே குடியேறிய உறவினர் அனுப்பிய படத்தில், குளிர்கால அங்கி அணிந்த பிள்ளைகளுக்குப் பின்னே இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்குமே, அதே கோட்டைதான். எங்கள் வீட்டிலும் அப்படியொரு படம் உண்டு. அதை வடிவமைத்தவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. உண்மையான கோட்டைகள் மலிந்த பிரான்சிலே போய், கோட்டை போன்ற ஒன்றை நிறுத்தினால் யார் மதிப்பார்? ஆகவே உண்மைக் கோட்டைகளோடு போட்டியிடாமல், கதைப்புத்தகச் சித்திரம் போன்ற ஒன்றைக் கட்டினார்கள். நோமண்டிக் கரையிலுள்ள மொன் சென் மிஷேல் மடாலயத்தின் உயர்ந்தெழும் வடிவத்தையும், மத்தியகாலப் பிரெஞ்சு ஓவியச் சுவடிகளின் சாயலையும் எடுத்துக்கொண்டார்கள். மரங்களையும் சித்திரத்தில் உள்ளவை போலச் சதுரமாக வெட்டினார்கள். அடியிலே ஒரு குகை. குகையிலே ஒரு பறவைநாகம். பெரோவின் நாட்டுக்கு அவர் கதை திரும்பி வந்தபோது, அந்நாட்டின் பழைய சுவடியை அது புரட்டிப் பார்த்திருக்கிறது. இது நல்ல தழுவல் என்பேன்.

ஆனால் இதே பூங்காவில் இன்னொரு கதையும் நடந்தது. மற்றைய டிஸ்னி பூங்காக்களிலே நாளைய உலகம் என்றிருக்கும் பகுதியை, பாரிஸிலே கண்டுபிடிப்பு உலகம் என்று பெயர் மாற்றி, ஜூல் வேர்ண் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கற்பனையைச் சுற்றி அமைத்தார்கள். எழுத்தாளன் ஒருவனுக்கு இப்படியொரு மரியாதை கிடைப்பது அரிது. அவர் 1865இல் வெளியிட்ட சந்திரப் பயண நாவலைக்கொண்டு 1995இல் ஒரு சவாரி எழுந்தது. நாவலிலே வருகின்ற மாபெரும் பீரங்கி அதன் பக்கத்தில் நின்றது. காலப் பயணத்தில் வேர்ணையே பாத்திரமாக்கிய ஒரு திரைக்காட்சியும் இருந்தது. பின் என்னாயிற்று? திரைக்காட்சி 2004இல் மூடப்பட்டது. சவாரி 2005இல் வேர்ணின் கதையைக் கைவிட்டது. 2017இல் 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தின் சவாரியாயிற்று. 1994இல் அமைந்த நொட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் போன்றவை அவரை நினைவூட்டுவன என்றாலும், அப்பகுதியின் நாயகன் இப்போது அவரல்லர். செர்னோபில் என்று முழங்கியவர்கள் 1992இல் பேசியதைப்போல, வேர்ண் மெல்ல மெல்ல வெளியேறிய ஆண்டுகளிலே பேசியதாகத் தெரியவில்லை. வாசலிற் கத்துவோர் பலர்; உள்ளே அலுமாரியிலிருந்து எந்தப் புத்தகம் எடுக்கப்படுகிறது என்று பார்ப்போர் சிலர்.

டோக்கியோவின் கொக்கையும் பாரிஸின் வேர்ணையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பண்பாடு காட்சிப்பொருளாக வைக்கப்பட்ட இடங்களில், அடுத்த பெரிய படம் வந்ததும் அது அகற்றப்பட்டது. உள்ளூர்ப் பண்பாடு உண்ணும் நேரமாகவும், மழைக்கு ஒதுங்கும் கூரையாகவும், ஊருக்கு வாங்கிப்போகும் பண்டமாகவும் புகுந்த இடங்களில் அது நின்றுவிட்டது. காரணம் எளியது. காட்சியை நிறுவனம் வைக்கிறது, நிறுவனமே எடுக்கலாம். வழக்கத்தை மக்கள் கொண்டுவருகிறார்கள். அதை எடுக்க நிறுவனத்தால் இயலாது.

இக்கருத்தை ஹொங்கொங்கிலே வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அங்கு லன்டாவ் தீவிலே 2005ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி பூங்கா திறக்கப்பட்டது. பாரிஸிலே பட்ட பாடு நினைவிலிருந்தமையால் நிறுவனம் மிகக் கவனமாயிருந்தது. சீனரின் மனையடி சாஸ்திரமான 'பெங் சுயி' நிபுணரின் ஆலோசனைப்படி பிரதான வாசலின் திசை 12 பாகை திருப்பப்பட்டது. புகையிரத நிலையத்திலிருந்து வரும் பாதை, நல்ல சக்தி நேரே ஓடிப்போய்விடாதபடி வளைக்கப்பட்டது. நான்கு என்ற எண்ணின் ஒலி சீனத்திலே மரணத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்தது என்பதால், ஹோட்டல்களிலே நான்காம் மாடி என்ற இலக்கம் இல்லை. எட்டு செல்வத்தைக் குறிப்பதால் ஹோட்டலின் நடன மண்டபம் 888 சதுர மீற்றர். திறப்புவிழா நாளும் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கப்பட்டது. நாங்களும் இராகுகாலம் பார்ப்பவர்கள்தாமே. எங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது.

இவ்வளவும் செய்தவர்கள் அடுத்த ஆண்டே ஓரிடத்தில் இடறினார்கள். 2006 பெப்ரவரியிலே, சீனப் புத்தாண்டுக் காலத்தில், செல்லுபடியான அனுமதிச் சீட்டுகளோடு வந்த பெருங்கூட்டம் இடமில்லை என்று வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டது. வேலிக்கு மேலாலே குழந்தைகளைத் தூக்கிக் கொடுத்த பெற்றோரின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஹொங்கொங்கின் பொது விடுமுறை முடிந்த பின்னரும் சீனப் பெருநிலத்தின் விடுமுறை வாரம் தொடர்ந்தது. அந்த நாட்களிலே பெருநிலத்துக் குடும்பங்கள் எத்தனை வரும் என்பதைச் சரிவரக் கணிக்கவில்லை. வாசல் சரியான திசையைப் பார்த்துத்தான் நின்றது. வருபவரின் விடுமுறையைப் பார்க்கத்தான் யாருமில்லை.

ஹொங்கொங் இன்னொரு கடினமான வினாவையும் எழுப்பிற்று. திருமண விருந்துகளிலே சுறாத் துடுப்புச் சூப் பரிமாறுவது அங்குள்ள பழைய வழக்கம். பூங்காவின் ஹோட்டலும் அவ்வாறே செய்யத் திட்டமிட்டது. சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்தன. உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்கிறோம் என்பது நிறுவனத்தின் விடை. எதிர்ப்பு வலுத்து, 2005 ஜூனில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களுள் ஹொங்கொங் மக்களே பலர் இருந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பண்பாடு என்பது ஒரே குரலிற் பேசும் ஒருவரன்று. மணவீட்டார் ஒன்று சொல்ல, அதே ஊர் மாணவர் வேறொன்று சொல்வர். உள்ளூர் வழக்கத்தை ஏற்கிறோம் என்று சொல்பவர், உள்ளூரிலே யாருடைய வழக்கத்தை என்ற வினாவுக்கும் விடை சொல்லவேண்டும்.

அதே பூங்காவிலே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஒன்றும் உண்டு. அமெரிக்கப் பூங்காவிலே பேய் வீடு ஒன்று இருக்கிறது. இறந்தவர்களின் ஆவிகள் ஆடிப்பாடிச் சிரிப்பூட்டும். சீனரோ முன்னோரின் ஆவிக்குப் படையல் வைத்து வணங்குபவர்கள். ஆவியை ஏளனமாக்கிச் சிரிக்க அவர்களது மனம் இலேசில் இசையாது. ஆகவே ஹொங்கொங்கிலே பேய்களைக் கைவிட்டார்கள். 2013இல் திறந்த 'மிஸ்ரிக் மனர்' என்ற மாளிகை, உலகம் சுற்றிய ஒருவர் சேர்த்த அரும்பொருட்களின் கூடம். அவருடைய குறும்புக்காரக் குரங்கு ஒரு மாயப் பெட்டியைத் திறந்துவிட, அரும்பொருட்கள் உயிர்பெறுகின்றன. அச்சமும் வியப்பும் இருக்கின்றன. இறந்தவருக்கு அவமரியாதை இல்லை. சீனம் என்று சொல்லும்படி அங்கே எதையும் ஒட்டிவைக்கவில்லை. கேட்பவர் நெஞ்சு தாங்காத இடத்தை மட்டும் பெயர்த்து மாற்றியிருக்கிறார்கள். பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்த கம்பனின் வேலையை எனக்கு இது நினைவூட்டுகிறது. கம்பனோடு ஒரு கேளிக்கைப் பூங்காவை ஒப்பிடலாமோ என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நான் ஒப்பிடுவது தரத்தையன்று, முறையை.

கடைசியாக ஷங்ஹாய். 2016ஆம் ஆண்டு ஜூன் 16ஆந் திகதி அங்கே பூங்கா திறந்தது. அசல் டிஸ்னி, ஆயினும் தனித்துவமான சீனம் என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட கொள்கை. அமெரிக்கக் கடைவீதி அங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தோட்டம். அதிலே சீன ஆண்டுச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளும் சுவர்ச் சித்திரங்களாக இருக்கின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால், அவை டிஸ்னி படங்களின் விலங்குகள். நாய்க்கு புளூட்டோ, புலிக்கு டிகர், பறவைநாகத்துக்கு முஷூ. முஷூ யார்? சீனத்துப் பழம்பாடலின் வீரப் பெண்ணான மூலானைப் பற்றி டிஸ்னி 1998இல் எடுத்த படத்திலே வருகின்ற கோமாளிப் பறவைநாகம். அந்தப் படம் 1999இல் சீனத்துக்குப் போனபோது அங்கே நன்றாக ஓடவில்லை. சீனரின் மங்கலச் சின்னத்தின் ஆசனத்திலே, சீனர் வரவேற்காத அந்தக் கோமாளியை இருத்தியிருக்கிறார்கள். வீடு சீனருடையது, குடியிருப்பவர் அமெரிக்கர் என்ற கணக்கு.

பூங்காவை ஒட்டிய அரங்கிலே அதே ஆண்டு சீன மொழியில் மேடையேறிய சிங்கராசா இசைநாடகத்திலே கணக்கு மாறி அமைந்தது. ஆபிரிக்கக் காட்டில் நடக்கும் அமெரிக்க நாடகம் அது. அதனுள்ளே, சீனக் குழந்தைகள் எல்லோரும் அறிந்த குரங்கரசன் சுன் வூகோங் நுழைந்தான். வீடு அந்நியருடையது, உள்ளே புகுந்து குறும்பு செய்பவன் உள்ளூரான். இவ்விரண்டில் எது உயிருள்ள தழுவல் என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். பெயர்ப்பலகையை எங்களுக்குத் தந்து பாத்திரத்தைத் தாம் வைத்துக்கொள்பவர் பெரிதாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தம் மேடையிலே எங்கள் பாத்திரம் பேச இடந்தருபவர் சிறிதாவது விட்டுக்கொடுக்கிறார்.

கட்டுச்சோற்றின் கதை ஷங்ஹாயிலும் தொடர்ந்தது. அமெரிக்காவிலும் பாரிஸிலும் உள்ள பூங்காக்களுக்கு வீட்டு உணவு கொண்டுபோகலாம்; ஷங்ஹாயிலே தடை. 2019இல் சட்டக் கல்வி மாணவி ஒருவர், தாம் கொண்டுபோன தின்பண்டங்களைத் தடுத்தமைக்கும் பையைச் சோதித்தமைக்கும் எதிராக வழக்குத் தொடர்ந்தார். ஆசியாவிலுள்ள மற்றைய பூங்காக்களிலும் இதே நடைமுறை என்று நிறுவனம் சொன்னது. சீனத்துப் பத்திரிகைகள் மாணவியின் பக்கம் பேசின. அவ்வாண்டு செப்டெம்பரில் வழக்கு இணக்கமாக முடிந்தது. மாணவிக்கு 50 யுவான் கிடைத்தது. சொந்தப் பாவனைக்கான உணவைக் கொண்டுபோகலாம் என்று விதியும் மாறிற்று. 57 வீதப் பங்கு சீன அரச நிறுவனத்திடம் இருந்தும், பன்னிரண்டு விலங்குகளின் தோட்டம் இருந்தும், பசித்த பிள்ளையின் கையிலுள்ள பணியாரத்துக்கு வழி திறந்தது ஒரு மாணவியின் வழக்கு. தனித்துவமான சீனம் என்ற சொற்றொடரை விட, அந்த மாணவி அப்பூங்காவைச் சீனத்துக்கு ஒரு படி அருகே கொண்டுவந்தார் என்றே எண்ணுகிறேன்.

நேயர்களே, இந்த நான்கு நகரங்களையும் சுற்றிவந்த பின் நான் கண்ட முடிவு இதுதான். அந்நியப் பொருளொன்றை எங்கள் பண்பாட்டுக்கு ஏற்றதாக்குவது அலங்காரத்தால் முடிகிற வேலையன்று. கோலம் போட்டு, குத்துவிளக்கேற்றி, சேலை உடுத்திவிட்டால் ஒரு பொருள் எங்களுடையதாகிவிடாது. நாங்கள் எப்போது சாப்பிடுகிறோம், யாரை மரியாதையோடு நினைக்கிறோம், எங்கள் விடுமுறை எந்த நாளில் வருகிறது, வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறோம் என்ற வினாக்களுக்கு அது விடை வைத்திருக்கவேண்டும். அதன் உள்ளிருந்து எங்கள் பாத்திரமொன்று பேசவேண்டும். இவற்றைத் தீர்மானிக்கும்போது எங்களவரும் மேசையில் இருக்கவேண்டும். அங்கே வாயும் திறக்கவேண்டும். டோக்கியோவில் மேசையிலிருந்தவர்கள் வாய்திறந்தார்கள். ஷங்ஹாயிலே மேசைக்கு வெளியிலிருந்த ஒரு மாணவி வாய்திறந்தார்.

வகுப்பறையிலே இது எனக்குப் பயன்படுகிறது. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஆங்கில நாடகமொன்றைத் தழுவும்போது, மாணவர் முதலிற் செய்வது பெயர்களை மாற்றுவது. தோமஸ் தாமோதரனாவார், மேரி மீனாட்சியாவார். பிறகு வேட்டி, சேலை. உரையாடலோ ஆங்கிலத்தின் நிழலாகவே நிற்கும். தகப்பனைப் பெயர் சொல்லி அழைக்கும் மகன் அப்படியே இருப்பான். நான் அவர்களிடம் கேட்பது இரண்டு கேள்விகள். இந்த வீட்டிலே சோறு எப்போது பரிமாறப்படுகிறது? இந்த மகன் கோபம் வந்தால் தகப்பனுக்கு முன் எப்படி நிற்பான்? இவற்றுக்கு விடை தேடத் தொடங்கினால், காட்சிகள் தாமாகவே இடம் மாறும். சில காட்சிகள் விழும். மூலத்திலே இல்லாத ஒரு பாட்டி எங்கிருந்தோ வந்து திண்ணையில் அமர்வாள். அதன்பிறகு பெயர் தோமஸ் என்றே இருந்தாலும் நாடகம் எங்களுடையதாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். இப்பூங்காக்கள் எந்த உருவில் வந்தாலும், அவை குழந்தைகளுக்குக் காட்டுவது கதையின் ஒரு வடிவத்தை மட்டுமே. பெரோவின் கதையில் உறங்கும் அழகி விழித்தெழுந்து மணமுடித்த பின்னரும் கதை தொடர்கிறது. நரமாமிசம் தின்னும் மாமியார் ஒருத்தி வருகிறாள். கோட்டையின் முன்னே நின்று படமெடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த மாமியாரைத் தெரியாது. பாரிஸிலுள்ள எங்கள் பிள்ளைகள் அந்தக் கோட்டைக்குப் போகட்டும், மகிழட்டும். போய்வந்த இரவிலே பெரோவின் கதையையும், அதனோடு எங்கள் அம்மம்மாமார் சொன்ன ஏழு கடல் தாண்டிக் கிளியில் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் கதையையும் யாராவது அவர்களுக்குச் சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பை எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்கமுடியாது. அது வீட்டாருடையது, ஆசிரியராகிய எங்களுடையது.